திருவனந்தபுரத்திலிருந்து தில்லி எவ்வளவு தூரம்?

கரமனை அக்கிரகாரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எங்கள் கிளையின் நெடுநாள் வாடிக்கையாளர். ஓய்வூதியம் வரவான மறுநாள் தவறாமல் வருவார். கணக்குப் புத்தகத்தில் பதிவு செய்துகொண்டு, அச்சான ஒவ்வொரு வரியையும் நின்ற இடத்திலேயே சரிபார்த்துவிட்டுத்தான் படியிறங்குவார். கணிதம் கற்பித்தவர் என்பதைச் சொல்லாமலே தெரிந்துகொள்ளலாம்.

சென்ற ஆண்டு புரட்டாசியில் அவர் வந்தபோது கையில் நான்கு தாள்கள் இருந்தன. தில்லியில் இருக்கும் மகளுக்குப் பேறுகாலம் நெருங்கியிருந்தது. தம்பதியர் இருவரும் புறப்பட வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. இரண்டு இரவு ரயிலில் உட்கார இயலாது. ஆகவே முதல்முறையாக விமானம். அதற்கான தொகையை வைப்புநிதியிலிருந்து எடுக்கத்தான் வந்திருந்தார். ஆனால் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் தாள்களை என் மேசையில் பரப்பினார்.

"சார், ரயில் கணக்குப்படி தில்லி மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேலே. இந்தத் தாளிலே 2,232. இன்னொன்றிலே 2,224. பயண முகவர் பெங்களூரு வழியாகப் போனாலும் தூரம் ஏறக்குறைய அதேதான், கட்டணம் குறைவு என்கிறார். அதே தூரமென்றால் மூன்று மணி நேரம் கூடுதலாக ஏன் காட்டுகிறது? இரண்டே இரண்டு ஊர். அவற்றுக்கு நடுவே இத்தனை தூரமா?"

கேள்வி எளியது. விடை அவ்வளவு எளியதன்று. அன்று கவுண்டரில் வரிசை நின்றதால் சுருக்கமாகச் சொல்லி அனுப்பினேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளைத் தில்லியிலும் துபாயிலும் வைத்துக்கொண்டு பயணச்சீட்டுத் திரையை உற்றுப் பார்த்திருக்கும் வாசகர்கள் நம்மில் பலர் உண்டு.

தாளில் போடக்கூடிய கணக்கு

ரயில் கணக்கை முதலில் தள்ளிவிடலாம். கேரளா எக்ஸ்பிரஸ் கோட்டயம், எர்ணாகுளம் என்று கரையோரமாக வடக்கே ஏறி, பாலக்காட்டுக் கணவாயில் கிழக்கே திரும்பி, கோவை, சேலம், காட்பாடி, விஜயவாடா, நாகபுரி, போபால், ஆக்ரா என்று ஊர்களைத் தேடிப் போகிறது. மலையைச் சுற்றுவதும் மக்களை ஏற்றுவதும் அதன் கடமை. மூவாயிரம் கிலோமீட்டர் என்பது தண்டவாளத்தின் நீளம். இரு ஊர்களின் இடைவெளி அன்று.

இடைவெளியை அறிய உலக உருண்டை ஒன்றும் ஒரு நூலும் போதும். இரு ஊர்களின் மீதும் நூலை வைத்து இறுக்கிப் பிடித்தால் அது தானாகவே மிகக் குறுகிய வழியில் படியும். அந்த வழியை நீட்டிக்கொண்டே போனால் பூமியை இரு சமபாதிகளாக வெட்டும் ஒரு வட்டம் கிடைக்கும். அதற்குப் பெருவட்டம் என்று பெயர். விமானத் தூரம் என்று அச்சிடப்படும் எண்கள் பெரும்பாலும் இந்தப் பெருவட்டத்தின் ஒரு வில்லின் நீளமே.

எந்த இரண்டு ஊர்களுக்கும் இதைக் கணக்கிடக் கோண கணிதம் தேவைப்படும். ஆனால் திருவனந்தபுரத்துக்கும் தில்லிக்கும் ஓர் அதிர்ஷ்டம் வாய்த்திருக்கிறது. திருவனந்தபுரம் விமான நிலையத்தின் தீர்க்கரேகை கிழக்கு 76 பாகை 55 கலை. தில்லி விமான நிலையத்தினுடையது 77 பாகை 7 கலை. (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை.) அதாவது தில்லி நமக்கு ஏறத்தாழ நேர் வடக்கே இருக்கிறது. இருபது கிலோமீட்டர் அளவுக்குத்தான் கிழக்கே ஒதுங்கல். தீர்க்கரேகை ஒவ்வொன்றும் ஒரு பெருவட்டத்தின் பாதியே ஆதலால், அட்சரேகைகளைக் கழித்தாலே வேலை முடிந்தது.

தில்லி 28 பாகை 34 கலை; திருவனந்தபுரம் 8 பாகை 29 கலை. வித்தியாசம் 20 பாகை 5 கலை, அதாவது 1,205 கலைகள். ஒரு கலையின் நீளமே ஒரு கடல் மைல். 1929-ஆம் ஆண்டில் அது 1.852 கிலோமீட்டர் என்று வரையறுக்கப்பட்டது. கப்பலோட்டிகளும் விமானிகளும் இன்றும் கடல் மைலிலேயே பேசுவதற்குக் காரணம் இந்தச் சௌகரியம்தான். 1,205-ஐ 1.852-ஆல் பெருக்கினால் 2,232 கிலோமீட்டர் வருகிறது. தலைமையாசிரியரின் இரண்டாம் தாள் தீர்ந்தது.

அப்படியானால் மூன்றாம் தாளில் எட்டுக் கிலோமீட்டர் எங்கே போயிற்று?

எட்டுக் கிலோமீட்டரின் வரலாறு

பூமி சரியான உருண்டை அன்று. துருவங்களில் சற்றே தட்டையானது; நடுவில் சற்றே பருத்தது. அதனால் ஒரு பாகை அட்சரேகையின் நீளம் எல்லா இடத்திலும் ஒன்றாக இராது. நிலநடுக்கோட்டில் 110.6 கிலோமீட்டர், துருவத்தருகே 111.7. நமது தென்கோடிப் பாகைகள் உலகச் சராசரியைவிடக் குட்டையானவை. உருண்டை என்று எண்ணிக் கணக்கிட்டால் 2,232. தட்டைத் தன்மையைக் கணக்கில் கொண்டால் 2,224. செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவிகள் தருவது இரண்டாவது எண்.

இந்தச் சிறு வேறுபாட்டை அளந்தறிய ஒரு காலத்தில் பெரும்பாடு பட்டிருக்கிறார்கள். பட்ட இடமும் நம் ஊர்ப்பக்கம்தான். 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வில்லியம் லாம்டன் சென்னையில் பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி கொண்டு அளக்கத் தொடங்கினார். அந்தக் கோட்டின் மேல் முக்கோணம், அதன் மேல் முக்கோணம் என்று அடுக்கிக்கொண்டு போனதே இந்தியப் பெரும் முக்கோண அளவை. அதன் முதுகெலும்பான பெருவில், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த கன்னியாகுமரிப் பகுதியில் தொடங்கி, 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டி இமயமலை அடிவாரம் வரை சென்றது. லாம்டன் 1823-இல் வழியிலேயே இறந்தார். பணியை ஜார்ஜ் எவரெஸ்ட் தொடர்ந்தார். முடிவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு நெருக்கமாகப் பிடித்தது.

மலைகள் உள்ள இடத்தில் உச்சிக்கு உச்சி பார்த்துக் கோணம் அளக்கலாம். காவிரிச் சமவெளியில் மலைக்கு எங்கே போவது? கோயில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அப்படி ஏற்றும்போது வடம் அறுந்து, அரை டன் எடையுள்ள கோணமானி சுவரில் மோதிச் சேதமடைந்தது. லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு வாரக்கணக்கில் அமர்ந்து அதைத் தாமே சீர்செய்தார் என்பது வரலாறு.

திருவனந்தபுரத்துக்கும் இந்த அளவை ஆர்வம் இருந்தது. சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் இங்கே ஒரு வானிலை நோக்குநிலையமும் வானாய்வுக்கூடமும் சேர்ந்த அமைப்பை நிறுவினார். ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். நகரத்தின் உயரமான குன்றில் நின்று விண்மீன்களைப் பார்த்து இடத்தைக் கணிக்கும் வேலை இங்கே ஏறத்தாழ 190 ஆண்டுப் பழமை உடையது.

இன்று தில்லி செல்லும் விமானம் லாம்டனின் பெருவில்லுக்கு ஏறத்தாழ ஒரு பாகை மேற்கே, அதற்கு இணையாகவே பறக்கிறது. நாற்பது ஆண்டு எடுத்த கோட்டை மூன்றரை மணி நேரத்துக்குள் கடக்கிறோம்.

கோடும் வழியும்

ஆனால் விமானம் அந்தக் கோட்டின் மேலேயே பறப்பதில்லை. நம் நிலையத்தின் ஓடுபாதை கடற்கரையை ஒட்டி, தென்கிழக்கு வடமேற்காகக் கிடக்கிறது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதை எதிர்த்தே விமானம் கிளம்ப வேண்டும். ஆகவே சில நாள்களில் தில்லிப் பயணம் தெற்கு நோக்கிய ஓட்டத்தில் தொடங்கும். பிறகு கடல்மேல் ஒரு வளைவு. அதன் பின்னரே வடக்கு. வானத்தில் வரையப்பட்ட வழிகளும் குறித்த புள்ளிகளும் உண்டு. விமானம் புள்ளிக்குப் புள்ளி செல்லும். நடுவே இடிமேகம் இருந்தால் விலகும். தில்லிக்கு அருகில் வரிசை நீண்டிருந்தால் வட்டமிடும். மார்கழி, தை மாதங்களில் தில்லியில் மூடுபனி இறங்கிவிட்டால் ஜெய்ப்பூரில் போய் நிற்க நேர்வதும் உண்டு. இவற்றுக்கெல்லாம் சேர்த்தே எரிபொருள் நிரப்புகிறார்கள்: செல்லும் தூரத்துக்கு ஒரு பங்கு, எதிர்பாராததற்கு ஒரு பங்கு, மாற்று நிலையம் செல்ல ஒரு பங்கு, அதற்கும் மேலே அரை மணி நேரம் சுற்றுவதற்கு ஒரு பங்கு. குடும்பச் செலவுக்கு இப்படி ஒதுக்கி வைப்பவர்கள் குறைவு.

பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதாலும் வில் சற்றே பெரிதாகிறது. தில்லிக்கு அதனால் கூடுவது சுமார் நான்கு கிலோமீட்டர். சுவைக்காகச் சொன்னேன், யாரும் அதற்குக் கட்டணம் கேட்பதில்லை.

வளைந்து செல்வதற்கு இன்னொரு பெரிய காரணம் இருந்தது. இந்திய வான்வெளியின் ஒரு பகுதி படைத்துறைப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது. 2020 மே மாதம் நிதியமைச்சர் வெளியிட்ட அறிவிப்பில், வான்வெளியில் 60 விழுக்காடே பயணிகள் விமானங்களுக்குத் தடையின்றிக் கிடைக்கிறது என்றும், கட்டுப்பாடுகளைத் தளர்த்தினால் ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்றும் கூறப்பட்டது. வானத்தில் ஒரு வளைவை நேராக்குவதன் விலை என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் நான் பார்த்ததில்லை.

காற்று செய்யும் கணக்கு

துபாயில் பிள்ளைகள் இருப்பவர்கள் இந்தப் பகுதியை உடனே ஒப்புக்கொள்வார்கள். திருவனந்தபுரத்திலிருந்து துபாய் ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர். போகும்போதும் அதே தூரம். வரும்போதும் அதே தூரம். ஆனால் குளிர்காலத்தில் போக ஆகும் நேரம் கூடுதல். திரும்பும் நேரம் குறைவு.

காரணம் மேலே ஓடும் காற்று. குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேலும் அரபுக்கடலின் வடபகுதியின் மேலும், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக வலிய காற்றாறு ஒன்று ஓடுகிறது. துபாய் செல்லும் விமானம் அதை எதிர்த்து நீந்துகிறது; திரும்பும் விமானம் அதன் மேல் மிதந்து வருகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேலே நிலைமை தலைகீழாகிக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றாறு உருவாகிறது. இந்தக் கீழைக் காற்றாற்றை 1958-இல் விரிவாக விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம்.

தில்லி வழிக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. நாம் தெற்கு வடக்காகப் பறக்கிறோம். காற்று மேற்கு கிழக்காகக் குறுக்கே வீசுகிறது. ஆற்றைக் குறுக்கே கடக்கும் படகுபோல மூக்கைச் சற்றே காற்றின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு விமானம் நேராகச் செல்கிறது. ஆகையால் போகவும் வரவும் நேரம் ஏறத்தாழ ஒன்றே.

தூரத்தைக் காற்று வெல்வதற்கு உலகறிந்த சான்று ஒன்றும் நம் நாட்டிலிருந்தே கிடைக்கிறது. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா நிறுவனம் தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் பெருங்கடல் வழியாக விமானத்தைச் செலுத்தியது. பழைய வழி ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர். புதிய வழி ஏறத்தாழ 15,300. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் சுற்று. ஆயினும் பின்காற்றின் தயவால் பதினான்கரை மணி நேரத்தில், அதாவது பழைய வழியைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. தூரத்தையே நம்பி வழியைத் தேர்ந்தெடுத்திருந்தால் அந்த இரண்டு மணி நேரம் பயணிகளுக்குக் கிடைத்திராது.

நாழிகைவழி

தலைமையாசிரியரின் நான்காம் தாளுக்கு வருவோம். பெங்களூரு வழி.

முகவர் சொன்னது பொய்யன்று. பெங்களூரு விமான நிலையம் நமது தில்லிக் கோட்டின் மேலேயே கிடப்பதுபோல அமைந்திருக்கிறது. திருவனந்தபுரம் முதல் பெங்களூரு வரை சுமார் 529 கிலோமீட்டர். அங்கிருந்து தில்லி சுமார் 1,702. கூட்டினால் 2,231. நேர்வழிக்கும் இதற்கும் வேறுபாடு பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவு. மும்பை வழியாகப் போனால்கூடச் சுமார் 2,400-தான். கூடுதல் நூற்றெழுபது, நூற்றெண்பது கிலோமீட்டர். வானத்தில் அது கால் மணி நேரத்துக்கும் குறைவு.

ஆனால் நேரம் வானத்தில் செலவாவதில்லை, தரையில் செலவாகிறது. மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் 2,224 கிலோமீட்டரைக் கடக்க இரண்டு மணி நாற்பது நிமிடம் போதும். அட்டவணையோ மூன்றேகால் மணியிலிருந்து மூன்றரை மணி வரை காட்டுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், ஏறுதல், இறங்குதல், வரிசையில் காத்திருத்தல் எல்லாம் அந்த மிகுதிக்குள் அடக்கம். நடுவே ஓர் ஊரில் இறங்கி ஏறினால் இந்தச் சடங்குகள் அனைத்தும் இரண்டாம் முறை நடக்கின்றன. அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் நேரம் வேறு. முழங்கால் வலிக்காரருக்கு இன்னொன்றும் உண்டு: பெரிய நிலையங்களில் ஒரு வாயிலிலிருந்து மற்றொரு வாயிலுக்கு நடக்கும் தூரம். எந்தத் திரையிலும் அது அச்சாவதில்லை.

நம் முன்னோர் தூரத்தை நேரத்தாலேயே சொன்னார்கள். நாழிகைவழி என்பது ஒரு நாழிகையில் நடந்து கடக்கும் தூரம். மலையாளத்தில் நாழிகை என்ற சொல் காலத்துக்கும் வழிக்கும் இன்றளவும் பொதுவாக வழங்குகிறது. சாலை மேடாக இருந்தால் நாழிகைவழி குறுகும், சமவெளியில் நீளும். நடப்பவருக்கு வேண்டியது அதுதானே?

அரசும் ஒருமுறை அதே வழிக்கு வந்தது. 2020 மே 25 அன்று உள்நாட்டு விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கியபோது, கட்டணத்துக்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் விதிக்கப்பட்டன. வரம்புகளைக் கிலோமீட்டரால் வகுக்கவில்லை; பறக்கும் நேரத்தால் வகுத்தார்கள். நாற்பது நிமிடத்துக்குக் குறைவானவை முதற்பிரிவு; மூன்று மணி முதல் மூன்றரை மணி வரையானவை ஏழாம் பிரிவு. தொடக்கத்தில் முதற்பிரிவின் வரம்பு 2,000 முதல் 6,000 ரூபாய். ஏழாம் பிரிவினுடையது 6,500 முதல் 18,600 ரூபாய். அந்த ஏற்பாடு 2022 ஆகஸ்ட் 31 அன்று நீக்கப்பட்டது.

விமானம் திடீரென ரத்தானால் தரவேண்டிய இழப்பீட்டையும் நம் நாட்டு விதி நேரத்தைக் கொண்டே அளக்கிறது. வாயிலிலிருந்து வாயில் வரை ஒரு மணி நேரம் வரையான பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. உரிய காலத்தில் முன்கூட்டியே தெரிவிக்காதபோதுதான் இது பொருந்தும். நிறுவனத்தின் கைம்மீறிய காரணங்களுக்குப் பொருந்தாது. விதிகள் திருத்தப்படக்கூடியவை ஆதலால் பயணத்துக்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஐரோப்பிய ஒன்றியமோ எதிர்வழி. அங்கிருந்து புறப்படும் விமானங்களுக்கு இழப்பீட்டை 1,500 கிலோமீட்டர், 3,500 கிலோமீட்டர் என்ற எல்லைகளால் பிரித்து, அந்தத் தூரத்தைப் பெருவட்ட முறையில் அளக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. லண்டன் வேறு, பாரிஸ் வேறு என்பதை அறிந்து பயணச்சீட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தகவல் உதவும்.

கட்டணம் எதை அளக்கிறது?

கிளையில் நான் அடிக்கடி கேட்கும் இன்னொரு கேள்வி: "துபாய் தில்லியைவிட எழுநூறு கிலோமீட்டர் அதிகம். ஆனால் சில வாரங்களில் துபாய்ச் சீட்டு மலிவாக இருக்கிறதே?"

இருக்கலாம். கட்டணம் தூரத்தை அளப்பதில்லை. அந்த நாளில் அந்த இருக்கைக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதை அளக்கிறது. வளைகுடா வழியில் நிறுவனங்கள் பல, போட்டி மிகுதி. ஓணத்துக்கும் பள்ளி விடுமுறைக்கும் அதே வழியில் கட்டணம் ஏறும் வேகத்தை அறியாத குடும்பம் கேரளத்தில் இராது. இதற்கு மேல் வரியும் உண்டு. விமான எரிபொருள் சரக்கு மற்றும் சேவை வரிக்குள் வரவில்லை. உள்நாட்டுப் பயணத்துக்கு நிரப்பும் எரிபொருளுக்கு மாநில அரசுகள் மதிப்புக்கூட்டு வரி விதிக்கின்றன. விகிதம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வெளிநாட்டுப் பயணத்துக்கு நிரப்புவது ஏற்றுமதிபோலக் கருதப்படுவதால் அந்த வரி இல்லை. ஒவ்வொரு நிலையமும் பயணியிடம் வசூலிக்கும் கட்டணமும் வேறுவேறு. நடுவில் இறங்கி ஏறும் சீட்டு சில வேளைகளில் நேர்வழியைவிட மலிவாவதற்கும் காரணம் இந்தச் சந்தைக் கணக்கே: நேரே செல்லும் வசதிக்கு ஒரு விலை உண்டு; அதைக் கொடுக்க ஆளும் உண்டு.

இடையில் ஒரு வங்கிக்காரன் சொல்ல வேண்டியது. கடன் அட்டைகளில் 'மைல்' என்று ஒரு வெகுமதி வருகிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். முன்பு பறந்த தூரத்துக்கு ஏற்ப அது கிடைத்தது. இன்று பல நிறுவனங்கள் செலவழித்த ரூபாய்க்கு ஏற்பவே அதைத் தருகின்றன. எத்தனை மைல் சேர்ந்திருக்கிறது என்பதைவிட, உங்கள் ஊரிலிருந்து செல்லும் ஒரு சீட்டுக்கு எத்தனை மைல் கேட்கிறார்கள், அவை எப்போது காலாவதியாகும் என்பவற்றைக் கேட்டறியுங்கள்.

இவ்வளவையும் அன்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னது இவ்வளவே: "சார், தூரம் ஒன்றுதான், நேரம் வேறு. பெங்களூரு வழியில் மிச்சமாகும் தொகையை மூன்று மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். அம்மாவின் முழங்காலுக்கு அந்த விலை கட்டுமா என்று நீங்களே முடிவு செய்யலாம்." அவர் தாளின் பின்புறத்திலேயே வகுத்தார். சற்று நேரம் யோசித்தார். போவதற்கு இருவருக்கும் நேர்வழிச் சீட்டு. திரும்புவதற்குத் தமக்கு மட்டும் பெங்களூரு வழி என்று முடிவாயிற்று. அம்மா மூன்று மாதம் மகளோடு இருப்பார். இவர் நவம்பரில் வாழ்வுச் சான்று கொடுக்கத் திரும்ப வேண்டும். அதைத் தில்லியிலிருந்தே மின்னணு முறையில் தந்துவிடலாம் என்று எடுத்துச் சொன்னேன். நேரில் வந்து கையெழுத்திட்டால்தான் உயிரோடு இருப்பதாக நம்பிக்கை வருகிறது என்றார்.

திரும்பும் நாளை மட்டும் முகவர் குறித்தபடி அவர் ஏற்கவில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்து மாற்றச் சொன்னார். சகுனம் பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். காரணம் வேறு. பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம் ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், சங்குமுகம் கடற்கரைக்குச் செல்கிறது. விமான நிலையம் வருவதற்கு முன்பிருந்தே அது செல்லும் வழி இன்றைய ஓடுபாதைக்குக் குறுக்கே அமைந்தது. ஆகவே அந்த இரண்டு நாள்களிலும் சுமார் ஐந்து மணி நேரம் நிலையத்தை மூடுகிறார்கள். யானையும் வாகனமும் ஓடுபாதையைக் கடந்து கடலுக்குப் போய், நீராட்டு முடிந்து தீவட்டி வெளிச்சத்தில் திரும்பிய பிறகே விமானங்கள் இறங்கும். முகவர் வெளியூர்க்காரர், முதலில் சொல்லியிருந்த சீட்டு அந்த நாள் மாலைக்கு இருந்தது.

நவம்பர் முதல் வாரத்தில் அவர் கிளைக்கு வந்தார். பேத்தி பிறந்திருந்தாள். வாழ்வுச் சான்றில் கையெழுத்திட்டுவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு தாளை எடுத்துக் காட்டினார். போகும்போது சக்கரம் தரையை விட்ட நேரமும் தில்லியில் தொட்ட நேரமும் அதில் குறிக்கப்பட்டிருந்தன. இரண்டு மணி ஐம்பத்தெட்டு நிமிடம். அதன் கீழே 2,224-ஐ அந்த நேரத்தால் வகுத்து, மணிக்கு ஏறத்தாழ 750 கிலோமீட்டர் என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார். திரும்பும் வழிக்கான கட்டத்தில் பெங்களூரில் காத்திருந்த நேரம் மட்டும் தனியாக இருந்தது. அதை எதனாலும் வகுக்கவில்லை.